வோபர்ன் போகிறீர்களா? முதலில் கிளப்புக்கே போன் போடுங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கும் நாலு நண்பர்கள், அக்டோபர் கடைசியில், லண்டனுக்கு வடக்கே மரங்களுக்கு நடுவில் இருக்கும் வோபர்ன் கோல்ஃப் கிளப்பில் ஆட ஆசை. ஒரு ஏஜென்ட் ஹோட்டலோடு சேர்த்து பேக்கேஜ் தருகிறார், வாங்கலாமா? எல்லாருமே சுமாராக ஆடுபவர்கள். மரங்களுக்குள் பந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பந்து போகத்தான் போகும். ஆளுக்கு ஒரு டஜன் பழைய பந்து எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கவலை அதோடு தீர்ந்தது. நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பேக்கேஜுக்கு.

"வோபர்ன்" என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் கட்டாதீர்கள். அங்கே டியூக்ஸ், டச்சஸ், மார்க்வெஸ் என்று மூன்று கோர்ஸ் (மைதானம்) இருக்கின்றன. செங்குத்தாகக் கீழே அடிக்கும் அந்தப் பிரபலமான மூன்றாவது ஹோல், 1976-ல் திறந்த டியூக்ஸில் இருக்கிறது. 2016, 2019 பெண்கள் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது மார்க்வெஸில். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் காலியாக இருப்பதைத்தான் தலையில் கட்டுவார்கள். அடுத்தது டீ நேரம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம். ஒருமுறை நவம்பரில் வேறொரு கோர்ஸுக்கு ஏஜென்ட் மூலம் போனேன், மதியம் ஒன்றே காலுக்கு நேரம் வாங்கி வைத்திருந்தார் அந்த மகானுபாவர். பன்னிரண்டாவது ஹோலில் போன் டார்ச் அடித்துப் பந்து தேடினோம். கேட்டால் கிளப் ஏஜென்ட்டைக் காட்டியது, ஏஜென்ட் கிளப்பைக் காட்டினார்! அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள், அதன்பிறகு நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாலு பேர் ஆடி முடிக்க நாலரை மணி நேரம் ஆகும், அதனால் பதினொரு மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். இதையெல்லாம் கிளப்பின் புக்கிங் ஆளிடம் பத்து நிமிடத்தில் நீங்களே பேசி முடிக்கலாம். பக்கத்து ஊர் மில்டன் கீன்ஸ், லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, ஹோட்டலே தேவையில்லை.

ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) கேட்பார்களா என்பதையும் அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள். 2020-லிருந்து உலகத்துக்கே ஒரே ஹேண்டிகேப் முறை என்கிறார்கள், போனில் எண்ணைக் காட்டினால் போதாதா? சில பழைய கிளப்புகள் இன்னும் அச்சடித்த தாள் கேட்கின்றன, சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, மரங்கள். பந்து உள்ளே போனது போல் தெரிந்தால், தேடப் போகும் முன்பே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்று அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் உங்கள் பந்து, முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட 3 நிமிடம்தான், பழைய 5 நிமிடக் கணக்கு 2019-லேயே போய்விட்டது.

அக்டோபரில் மட்டும் ஒரு விஷயம் உண்டு, இலைக் குவியல். பந்து ஃபேர்வே (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆடுபாதை) ஓரத்தில் விழுவதை நாலு பேரும் பார்த்திருப்பீர்கள், போய்ப் பார்த்தால் காய்ந்த இலைதான் இருக்கும். கிளப் அன்றைக்கு அதற்கான உள்ளூர் விதியைப் போட்டிருந்தால் தண்டனை இல்லாமல் வேறு பந்து போடலாம். ஆனால் பந்து அந்தக் குவியலுக்குள்தான் இருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதியாக இருக்க வேண்டும், "இங்கேதான் எங்கேயோ" என்பது செல்லாது. சில கிளப்புகள் குறிப்பிட்ட ஹோல்களுக்கு மட்டும் அதைப் போடும். விதி போடவில்லை என்றால் பந்து தொலைந்தது தொலைந்ததுதான், ஒரு ஸ்ட்ரோக் (அடி) கூட்டிக்கொண்டு, பந்தை அடித்த பழைய இடத்துக்கே திரும்ப நடக்க வேண்டும். அதனால் முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு) போகும் முன்னால் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள், ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தையும் பாருங்கள், இரண்டிலும் இல்லையென்றால் கிளப்பின் கடையான புரோ ஷாப்பில் கேளுங்கள்.