டெஸ்ட் லைட் எரிந்தால் போதுமா?

கேள்வி: ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு வைத்திருக்கிறேன். தரகர் ஒருவர் பழைய இபிர்ப் (EPIRB) அபாயக் கருவியை, அதாவது கடலில் ஆபத்து வந்தால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவியை, பாதி விலைக்குத் தருகிறார். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது. வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கருவி யார் பெயரில் உதவி கேட்கும் என்பதை அந்த லைட் சொல்லாது. அதன் மேல் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 15 இலக்கக் குறியீடு அச்சிட்டிருக்கும், அதன் தொடக்கம் எந்த நாட்டுக் கருவி என்று சொல்லும். இந்தியக் கருவி என்றால் 346, 347, பி46, பி47 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். 3ஏசி என்றிருந்தால் அமீரகம், 2டிசி என்றால் அமெரிக்கா. உடைக்கப் போன கப்பலில் கழற்றிய சரக்காக இருக்கலாம். நடுக்கடலில் நீங்கள் இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை செயற்கைக்கோளுக்குப் போய்விடும். ஆனால் பதிவேட்டில் பழைய கப்பலும் பழைய போன் நம்பரும்தான் வரும். போனை எடுப்பவர் “கப்பலை வித்து வருஷமாச்சே” என்றால், உங்கள் அபாய அழைப்பையே பொய் அலாரமாக நினைக்க இடமுண்டு.

பேட்டரியில் தேதி ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டும் கில்லாடிகள் இருக்கிறார்கள். 48 மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி அது. சாகப்போகும் பேட்டரியும் டெஸ்டில் சில விநாடி லைட்டை எரித்துக் காட்டும். கருவியை மாட்டும் கூண்டில் இருக்கும் ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஸ்தான் (நீரழுத்தத்தில் தானாகத் திறக்கும் பூட்டு), படகு மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் கருவியை விடுவிக்க வேண்டிய பாகம். அதன் ஆயுள் பொதுவாக 2 வருடம். தரகர் சொல்லும் விலையில் புதுசு சேர்ந்திருக்காது.

வாங்க ஒரே ஒரு வழி இருக்கிறது. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் இந்தியக் குறியீட்டை ஏற்றி, பேட்டரி மாற்றி, சான்றிதழ் தர வேண்டும். குறியீட்டை ஏற்றினால் மட்டும் போதாது, வெளி லேபிளும் மாற வேண்டும். லேபிள் மாறினாலும் போதாது, சான்றிதழில் அதே 15 இலக்கம் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போன பிறகு பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்தில் உங்கள் பெயரில் பதியுங்கள். இத்தனை செலவையும் கூட்டிப் பார்த்தால் ‘பாதி விலை’ எங்கே போனதென்று தெரியும்.

படகுப் பதிவு ஓரிடம், கருவிப் பதிவு வேறொரு ஊர். படகு கைமாறினால் கருவிப் பதிவு தானாக மாறாது; நாம்தான் எழுதி மாற்ற வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது? அவசரத் தொடர்புக்குக் கரையில் எப்போதும் போன் எடுக்கும் ஆளின் நம்பரைக் கொடுங்கள். உங்களோடு கடலுக்கு வருபவரின் நம்பர் உதவாது.

கருவியை வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரைக்கு அடியில் மாட்டாதீர்கள், விடுபட்டாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதோடு வரும் கயிற்றைப் படகில் கட்டவே கூடாது, படகோடு கருவியும் அடியில் போய்விடும். நீரில் இறங்கிய பிறகு மிதவையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ கட்டத்தான் அந்தக் கயிறு.