நோவாவைக் குடிக்க வைத்தது யார்?

கேள்வி: வேதாகமத்தின் பெருவெள்ளக் கதையை வைத்து 2014-இல் வந்த ‘நோவா’ படத்தைப் பார்த்தவர்களில் ஒரு சாரார், ‘கல் ராட்சதர்களைச் சேர்த்து, நோவாவைக் குடிகாரனாக்கி, வேதாகமத்தையே கெடுத்துவிட்டார்கள்’ என்கிறார்கள். இன்னொரு சாரார், ‘சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள்’ என்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: இரண்டிலும் இல்லை. முதல் கட்சிக்குக் கோபம் நியாயம்தான், ஆனால் கோபப்படும் இடம் தவறு. இரண்டாம் கட்சி புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம் என்கிறது.

குடியை முதலில் முடித்துவிடுவோம். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 9:20, 21: நோவா திராட்சத்தோட்டம் போடுகிறார், குடித்து வெறிகொள்கிறார், கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். அவரைக் குடிக்க வைத்தவர் இயக்குநர் டேரன் அரோனோஃப்ஸ்கி அல்ல. ஞாயிறு பள்ளிப் படங்கள் வானவில்லோடு நின்றுவிடுவதால் நமக்கு அது புதிதாகத் தெரிகிறது.

‘வெள்ளத்திலிருந்து தப்ப நோவா கட்டும் பேழை கப்பல் மாதிரியே இல்லை, பெட்டி மாதிரி இருக்கிறது’ என்பது அடுத்த புகார். 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு, உள்ளும் புறமும் கீல் (தார் போன்ற பூச்சு): அதன் வடிவத்தைப் பற்றி 6-ஆம் அதிகாரம் சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். முழத்துக்கு ஒன்றரை அடி வைத்தால் 450 அடி நீளம், 75 அடி அகலம், 45 அடி உயரம். பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. பேழை எங்கும் போக வேண்டியதில்லை, மிதந்தால் போதும். படங்களில் நாம் பார்த்துப் பழகிய வளைந்த மூக்குக் கப்பல்தான் கற்பனை.

கல் ராட்சதர்கள்? அந்தக் கல் உடம்பு ஆதியாகமத்தில் இல்லை என்பது சரி. ஆனால் படத்தில் அவர்கள் பேழை கட்ட உதவும் விழுந்த தேவதூதர்கள். அந்தத் தூதர்களின் கதை, நம் வேதாகமத்தில் சேராத பழைய யூத நூலான ஏனோக்கின் புத்தகத்திலிருந்து வருகிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு அது வேதநூல். நம் வேதாகமத்திலுள்ள யூதா நிருபமும் 14-ஆம் வசனத்தில் ஏனோக்கின் தீர்க்கதரிசனத்தை எடுத்தாள்கிறது. பேழையைத் தூதர்கள் கட்டுவதாகவே ஏனோக்கு 67-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது ரசனை. எங்கிருந்தும் வராதது என்று சொல்லாதீர்கள்.

படம் உண்மையில் மூலத்தை மீறும் இடங்களைப் பற்றித்தான் பெரிதாகச் சத்தமே இல்லை. 6:18-இலேயே மகன்களின் மனைவிகளும் பேழைக்குள் வர வேண்டும் என்று கடவுள் சொல்லிவிடுகிறார். 7:13-இல் மூன்று மருமகள்களும் ஏறுகிறார்கள். ஆக மொத்தம் எட்டுப் பேர். படத்தில் மூன்று மகன்களில் சேமுக்கு மட்டுமே துணை. இன்னொரு மகன் காமுக்குப் பெண் கிடைக்காத ஆத்திரம், மனித இனமே முடிய வேண்டும் என்று நோவா பேத்திகள்மேல் கத்தி ஓங்குவது என்று பின்பாதி முழுக்க இந்த ஒரு மாற்றத்தின்மேல்தான் நிற்கிறது. மருமகள்கள் மூவரையும் ஏற்றிவிட்டால் அந்தப் பாதியே இல்லை. காயீனின் வம்சத்தில் வந்த தூபால்காயீனுக்கு 4:22-இல் ஒரே வசனம். அவரை இழுத்து வந்து பேழைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். நோவாவின் சிறுவயதிலேயே அவருடைய தகப்பன் லாமேக்கு கொல்லப்படுவதும் கணக்குக்கு ஒத்துவராது: 5:28-31-இன்படி நோவாவுக்கு 595 வயதாகும்வரை தகப்பன் உயிரோடிருந்தார். ஆனால் நோவாவின் தாத்தா மெத்தூசலா வெள்ளத்தோடு போவது கணக்கில் சரி. லாமேக்கு பிறந்தபோது மெத்தூசலாவுக்கு 187, நோவா பிறந்தபோது லாமேக்குக்கு 182, வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600: கூட்டிப் பாருங்கள். மெத்தூசலாவின் ஆயுள் 969.

இவ்வளவு ஏன் சேர்த்தார்கள் என்றால், 6 முதல் 9 வரை நான்கு அதிகாரமும் சேர்ந்து 97 வசனம். அதில் நோவா முதன்முதலாக வாய் திறப்பது 9:25-இல், வெள்ளமெல்லாம் வடிந்தபின், சபிப்பதற்காக. கதாநாயகனுக்குக் கடைசிவரை பேச்சே இல்லாத மூலத்திலிருந்து இரண்டேகால் மணி நேரப் படம் எடுப்பவர் எதையாவது இட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். கலைச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பாரமவுண்ட் நிறுவனம் வெளியீட்டுக்கு முன்பே விளம்பரத்தில் சொல்லியும்விட்டது. ஆகவே இட்டு நிரப்பியதற்காக யாரும் திட்ட வேண்டாம். உள்ளே இருந்த இரண்டு மருமகள்களை வெளியே எடுத்ததற்காகத் திட்டலாம். அதற்கு நானும் சேர்ந்துகொள்கிறேன்.