கால்மணி நேரம் முன்னதாக

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினொரு ஆண்டுகளாகக் குடிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் முதன்முறையாக, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். தொடங்கிய பிறகு நுழைந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். பேசியவர்களில் ஒருவர் வேலையை இழந்தவர், இன்னொருவர் சிறைக்குச் சென்றவர். நான் அந்த நிலைக்குப் போனவன் அல்ல. கடவுள் பேச்சும் எனக்கு ஒட்டவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையவழிக் கூட்டம் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூட்டத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. அமைப்பின் இணையதளத்திலோ உதவி எண்ணிலோ கேட்டால் கிழமை, நேரம், இடம் மூன்றையும் சொல்லிவிடுவார்கள். திறந்த கூட்டத்துக்கு எவரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது, பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கடவுள் பேச்சு ஒட்டவில்லையென்றால் அது இல்லாத ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுந்து வந்ததற்குக் கடவுள் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிறைக்குப் போனவரைப் பார்த்ததும் உங்களை அவரோடு வைத்து அளந்து பார்த்திருக்கிறீர்கள். தன்னைவிட மோசமானவன் ஒருவன் இருக்கிறவரை தான் குடிக்கலாம் என்பது குடிநோயாளியின் மிகப் பழைய கணக்கு. என் அண்ணன் நான்கு ஆண்டுகள் இந்தக் கணக்கைப் போட்டார். ஒவ்வொரு முறையும் விடை அவருக்குச் சாதகமாகவே வந்தது. (அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். பெயர் வெளியே போகாது என்ற உறுதியில்தான் அங்கே எல்லோரும் வாய் திறக்கிறார்கள்.)

கடைசியில் அவரை நானே ஒரு திறந்த கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் அவசரப் புத்தியால் அரைமணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அறையில் முதியவர் ஒருவர் மட்டும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இரும்பு நாற்காலிகளை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். எங்களை யார் என்றுகூடக் கேட்காமல், "அதில் மூன்றாவதற்கு ஒரு கால் ஆடும், அதை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்" என்றார். அண்ணன் போய்த் தூக்கினார். குடிக்காமல் இருந்த இரண்டாம் நாள் அது. கை நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலியின் கால்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. முதியவர் அந்தக் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு இது ஒரு வாரம் இருந்தது. டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் வலிப்பு வரலாம், சித்தக் குழப்பம் வரலாம், உயிரே போகலாம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். உங்கள் கையும் நடுங்குமானால் நீங்களும் முதலில் அங்கே போங்கள்.

அன்றைய கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அண்ணனுக்கு இன்று நினைவில்லை. ஆடும் நாற்காலி நினைவிருக்கிறது.

1935 மே மாதம், குடியை விட்டு ஐந்தே மாதமான பில் வில்சன், பின்னாளில் இந்த அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர், போன வேலை தோற்றுப்போய் அமெரிக்காவின் அக்ரன் நகரத்து ஓட்டல் ஒன்றில் தனியாக நின்றார். மதுக்கூடத்தின் சத்தம் இழுத்தது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று அவர் தொலைபேசியில் ஆள் தேடியதால்தான் அந்த இருவரில் மற்றவரான, குடிநோயாளியான டாக்டர் பாப் கிடைத்தார். கால்மணி நேரம்தான் இருப்பேன் என்று நிபந்தனை போட்டு வந்த அந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்குமேல் பேசிக்கொண்டிருந்தார். அப்போது குடியிலிருந்து மீள அமைப்பு இன்று சொல்லும் பன்னிரண்டு படிகள் இல்லை, அவற்றைச் சொல்லும் புத்தகம் இல்லை. அது வந்தது 1939இல். எஸ்., மேடையும் வரிசையும் பின்னால் சேர்ந்தவை; முதலில் இருந்தது இரண்டு பேர் பேசிய பேச்சு. இன்றும் அது நடப்பது கூட்டத்துக்கு முந்தைய கால்மணி நேரத்திலும் பிந்தைய கால்மணி நேரத்திலும்தான். நீங்களோ தாமதமாகப் போய் ஒன்றையும், முந்தி எழுந்து மற்றொன்றையும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் மிஞ்சியதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

பதினான்கு மாதம் கழித்து அண்ணன் மறுபடியும் குடித்தார். இத்தனை கூட்டங்களும் வீண் என்று நான் கத்தினேன். வீண் இல்லை, 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, இந்தக் கூட்டங்களில் சேர முறையாக வழிகாட்டும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் 1951 முதலே நடப்பதும் தெரியாது. என் கத்தலை நான் கொண்டுபோயிருக்க வேண்டிய இடம் அது. அண்ணன் அன்றிரவு இரண்டு மணிக்கு, நாற்காலி மடக்கும்போது என்றோ வாங்கிவைத்த ஓர் எண்ணை அழைத்தார். எடுத்தவர் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

இணையவழிக் கூட்டம் வெளியே போக இயலாதவர்களுக்குப் பெரிய உதவி. உங்களுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்த வாரம் அதே கூட்டத்துக்கே அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள். சிறைக்குப் போனவர் என்று எழுதினீர்களே, அநேகமாக அவர்தான் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குக் கொஞ்சம் கைகொடுங்கள்.