மதுரை வேலு ஆசான் யார், இளைஞர்களுக்கு அவர் என்ன செய்தார்?

2025இல் பத்மஸ்ரீ பெற்ற பறையிசைக் கலைஞர். விருதைவிட அவர் பறை கற்றுக்கொடுத்த விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பறை என்றாலே சாவு வீடு, அடிப்பவர் இன்ன சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த இழிவுக்கு அஞ்சி, பிள்ளைகள் இதைத் தொடவே வேண்டாம் என்று விலக்கி வைத்த கலைக்குடும்பங்களும் உண்டு, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆசானோ பறையை மேடைக்குக் கொண்டுவந்தார், எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் ஆணோ பெண்ணோ கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்.

பயிற்சியை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவார்கள், தோல் இறுகினால்தான் ஓசை எழும். அப்புறம் இடது தோளில் மாட்டி, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. அடித்தால் மட்டும் போதாது, காலும் கூடவே ஆட வேண்டும், புதிதாக வருபவர்கள் திணறுவது அங்கேதான். கை சரியாக விழும், கால் தவறிவிடும். அடவை வாயால் சொல்லிச் சொல்லியே பழக வேண்டியிருக்கும்.

இன்று கல்லூரி விழாக்களில் பெண்கள் பறையடித்து ஆடுவது சாதாரணக் காட்சி. அதற்குப் பலர் உழைத்திருக்கிறார்கள், ஆசானின் பங்கு அதில் பெரியது.