சோப்பை மட்டும் மாற்றினால் போதாது, துணியையும் பாருங்கள்

வாசனை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வாசனை இல்லாத சோப்புக்கு மாற்றி ஒரு மாதமாகியும் குழந்தையின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

சோப்பு இரண்டு நிமிடத்தில் கழுவிப் போய்விடும். துணிதான் நாள் முழுக்க உரசுகிறது. கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவம், இழையிலேயே தங்குவதற்காகச் செய்யப்பட்டது. முதலில் அதை நிறுத்துங்கள். சலவைத்தூளையும் வாசனை இல்லாததாக மாற்றி, போர்வை, தலையணை உறை உட்பட எல்லாவற்றையும் மறுபடி துவைத்து இரண்டு முறை அலசுங்கள்.

வாங்கும்போது கவனம். 'அன்சென்டட்' என்றால் மணம் தெரியாது, அவ்வளவுதான்; மூலப்பொருளின் வாடையை மறைக்கவே வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனைப் பொருள் சேர்க்காதது, என்பதைத் தேடுங்கள். அப்போதும் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு அல்ல, அதற்கு மேலும் வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்க முடியும்.

'இயற்கை' என்ற சொல்லை நம்பி லாவெண்டர் எண்ணெய் பக்கம் போய்விடாதீர்கள். அதிலுள்ள லினலூலும், ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீனும் மணம் தரும் பொருள்கள்; அவை காற்றுபட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். திறந்து நாளான பாட்டில் இன்னும் மோசம்.

ஆனால் மடிப்புகளில் வரும் அரிப்பு எக்ஸிமா என்ற தோல் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கு வாசனையை நிறுத்துவது மட்டும் போதாது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார். அரிக்கும் இடத்தில் நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.