காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை

டல்லாஸிலிருந்து எழுதிய அம்மாவுக்கு, வணக்கம்.

கோவையில் பத்தாவது முடித்துவிட்டு வந்த மகன் கணக்கில் முதல் ஆளாக இருக்கிறான், அமெரிக்க வரலாற்றில் மட்டும் 'சி' வாங்குகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடத்தில் வரும் 500 சொற்களின் பட்டியலை அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறீர்களாம். முதலில் அதைக் கழற்றுங்கள். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அது பிள்ளையை முறைக்க வேண்டாம்.

இந்தப் பாடத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் தெரிந்த சொல்லில்தான். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவார்கள். தெரிந்த சொல்லை யார் புரட்டப் போகிறார்கள்?

என்னிடம் வந்த ஒரு பெண், காங்கிரஸ் தேர்தலில் தோற்றுவிட்டது என்று எழுதியிருந்தாள். அவளுக்குக் காங்கிரஸ் என்றால் கை சின்னம். இங்கே அது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றம். கவர்னரை யாரும் நியமிப்பதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலையும் ஏறக்குறைய நம் முதலமைச்சரின் வேலை. 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' ஐஏஎஸ் அதிகாரி இல்லை, வெளியுறவு அமைச்சர். ஹிலாரி கிளிண்டன் 2009இல் அந்தப் பொறுப்புக்கு வரும்போது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக இங்கே இருக்க முடியாது. அதிகாரப் பிரிவினை என்ற பாடத்தை இந்த ஒரு உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 'ரிசர்வேஷன்' என்றால் இட ஒதுக்கீடு இல்லை, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலம். அந்தப் பக்கத்தில் வரும் 'இந்தியன்' நாமும் இல்லை!

'இம்பீச்மென்ட்' என்ற சொல்லில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நம் செய்தித்தாள்கள் 'பதவி நீக்கம்' என்றே எழுதிப் பழக்கிவிட்டன. உண்மையில் அது குற்றச்சாட்டுதான். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் பதவி போகும். அதிபர்களில் ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல், பில் கிளிண்டன் 1998இல், டிரம்ப் 2019இலும் 2021இலும் இம்பீச் செய்யப்பட்டார்கள். யாருக்கும் அதனால் பதவி போகவில்லை. நிக்சன் 1974இல் சபை ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டதால் அவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். "நிக்சன் இம்பீச் செய்யப்பட்டார்" என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதும் கட்டடம் கட்டுவது இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 முதல் 1877 வரையிலான காலத்தின் பெயர். அடிமை முறை ஒழிப்பு, குடியுரிமை, வாக்குரிமை என்று 13, 14, 15ஆம் திருத்தங்கள் மூன்றும் அப்போது வந்தவை. சொல்லை ஆண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இலக்கிய வகுப்பிலும் இதே கதைதான். 'ரொமான்டிசிசம்' என்றதும் காதல் கதையைத் தேடுவான். அது உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் கொடுத்த இலக்கியப் போக்கு. கையில் கிடைப்பது திமிங்கிலத்தைத் துரத்தும் மெல்வில்லின் 'மோபி டிக்'. 'நேச்சுரலிசம்' இயற்கை வர்ணனை இல்லை. பரம்பரையும் சூழலும் மனிதனை எப்படி ஆட்டிவைக்கின்றன என்று பார்க்கும் எழுத்து அது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனை வாசிக்கும்போது புரியும்.

அப்புறம், கேள்வியில் வரும் வினைச்சொற்கள். 'விவரி' வேறு, 'எந்த அளவுக்கு என்று மதிப்பிடு' வேறு. ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தர) வரலாற்றுத் தேர்வில் ஏழு ஆவணங்களைக் கொடுத்து ஒரு கட்டுரை கேட்பார்கள். நம் பிள்ளைகள் ஏழையும் அழகாகச் சுருக்கி எழுதிவிட்டு, தன் வாதத்தைச் சொல்லாமல் வந்துவிடுவார்கள்.

கணினிப் படிப்புக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் படித்தாலும் வரலாற்றில் ஆறு கிரெடிட் (பாட அலகு), அரசியலில் ஆறு கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். அது மாநிலச் சட்டம். இப்போது ஓடினாலும் அங்கே போய் நிற்கும்.

நாளைக்கு ஒரே ஒரு சொல் போதும். இரவுச் சாப்பாட்டின்போது அவன் உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும், "நம்மூரில் இதை என்ன சொல்வோம்?" என்று மட்டும் கேளுங்கள். திருத்திய விடைத்தாள் ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். மதிப்பெண் தேவையில்லை, சிவப்பு மையில் எந்தச் சொல்லை வட்டமிட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.