வாசகர் கேட்கிறார்கள்: பிரசவ வார்டில் பிள்ளையின் முதல் படம்

என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். கைபேசியிலேயே நல்ல படமாக எடுத்து அனுப்ப வேண்டும். ஃபிளாஷ் போட்டால் பிள்ளைக்குக் கண் போய்விடும் என்கிறார்களே?
– வாசகி, கீழக்கரை

பார்வை போகும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் போடாதீர்கள். பிள்ளை திடுக்கிட்டு அழும்; சிவந்த தோல் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சமே போதும். நம் கடலோரத்தில் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கும் என்பதால், நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பாருங்கள். வெளிச்சம் உச்சந்தலைப் பக்கமிருந்து சாய்வாக முகத்தில் இறங்க வேண்டும். காலடியிலிருந்து வந்தால் மூக்குத் துவாரமும் தாடையின் அடிப்பக்கமும்தான் பளிச்சென்று தெரியும்.

இரவில் டியூப்லைட்டை நம்பித்தான் எடுக்க வேண்டும். படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கைபேசியைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். கேமராவில் ‘ப்ரோ’ முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள், பட்டை மறையும்.

முகத்தை ஒட்டிப் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். மூன்றடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். படுத்திருக்கும் பிள்ளைக்கு நேர் மேலே கைபேசியை நீட்டவே கூடாது. கை நழுவினால் முகத்தில்தான் விழும்.

உப்புக்காற்றில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். படம் புகை மூட்டமாக வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, லேசாக நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மாப்பிள்ளைக்குப் படம் தரம் குறையாமல் போய்ச் சேரும்.

பிறந்து எவ்வளவு நேரத்தில் எடுக்கலாம்? காதில் பாங்கு சொல்வதையும் எடுக்க ஆசை.
– வாசகர், தொண்டி

முதல் ஒரு மணி நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. தோலோடு தோலாகத் தாயின் மார்பில் கிடப்பதும், முதல் சீம்பால் குடிப்பதும் அப்போதுதான். படத்துக்காகப் பிள்ளையைத் தூக்காதீர்கள். நர்ஸும் தாயும் சரி என்றால், இருந்த இடத்திலிருந்தே ஒன்றிரண்டு எடுங்கள். பிறந்த ஓரிரு மணி நேரம் பிள்ளை கண் விழித்திருக்கும், பிறகு நெடுந்தூக்கம். உடம்பில் வெள்ளை மாவு தெரிகிறதே என்று குளிப்பாட்டவும் வேண்டாம். முதல் குளியல் 24 மணி நேரம் கழித்துத்தான்.

பாங்கு சொல்பவர் வலது காதுப் பக்கம் குனிவார். நீங்கள் பிள்ளையின் இடப்பக்கம், அதன் முக உயரத்துக்குத் தாழ்ந்து நில்லுங்கள். இரண்டு முகமும் ஒரே படத்தில் விழும். கேமரா சத்தத்தை முன்பே அணைத்துவிடுங்கள்.

கன்னத்தில் கை ஊன்றிப் பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல எடுக்க முடியுமா? சேனை வைப்பதையும் எடுக்கலாமா?
– வாசகி, பாம்பன்

இரண்டும் வேண்டாம். தேர்ந்த கலைஞர்கள் அந்தப் படத்தைத் தலையை ஒருவர், கையை ஒருவர் பிடித்திருக்க இரண்டு முறை எடுத்து ஒட்டுகிறார்கள். வார்டில் முயன்றால் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடும். சேனைக்குத் தேன் தொட்டு வைப்பது ஆபத்து. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பெரியவர்கள் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைக்கட்டும். பிள்ளை தானே இறுகப் பற்றும். அந்தப் பிடியை எடுங்கள்.

கையும் காலும் நீலமாகத் தெரிகின்றன, தலையும் நீண்டிருக்கிறது. கேமராக் கோளாறா?
– வாசகர், தேவிபட்டினம்

இல்லை. முதல் நாள் கை கால் நீலம் பாய்வதும், சுகப்பிரசவத்தில் தலை நீள்வதும் இயல்பு. தலை சில நாளில் சரியாகும்; அதுவரை நேர் முன்னாலிருந்து எடுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். உதடோ நாக்கோ நீலமாக இருந்தால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஸ்டேட்டஸில் போடும் முன், கைப்பட்டையில் உள்ள தாயின் பெயரையும் எண்ணையும், பக்கத்துக் கட்டில் தாய்மாரையும் வெட்டிவிடுங்கள்.